நோட்டை எடு, இல்லையேல் டாலரைக் கொடு

நோட்டில் எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு வங்கியின் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தே என் உத்தியோகம் முடிந்தது. காதலியின் பெயர், மளிகைக் கடைக் கூட்டல், யாருடையதோ போன் நம்பர், பிள்ளையார் சுழி என்று எல்லாவற்றுக்கும் நோட்டின் வெள்ளைப் பகுதியில் இடம் உண்டு. 1999இல் ரிசர்வ் வங்கி சுத்தமான நோட்டுக் கொள்கையைக் கொண்டுவந்தது. நோட்டில் எழுதாதீர்கள், பின் அடிக்காதீர்கள் என்று போர்டு எழுதி மாட்டினோம். எழுதுகிறவர்கள் போர்டுக்குக் கீழேயே நின்று எழுதினார்கள். கிறுக்கிய நோட்டும் செல்லும் என்பதால் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கி, ஒதுக்கி, அழுக்கு நோட்டுக் கட்டோடு சேர்த்து அனுப்பிவிடுவோம்.

ஓய்வுக்குப் பிறகு நான் காசு கொடுத்துத் தேடி வாங்குவது கிறுக்கிய நோட்டுகளைத்தான். அவற்றிலும் ஒரே வகை: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத்தில் கடல் தாண்டியவர்கள் ஒருவர் நோட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்ட நோட்டுகள். சேகரிப்பாளர்கள் இவற்றை ஷார்ட் ஸ்நார்ட்டர் என்கிறார்கள்.

அலாஸ்காவின் பனிக்காட்டில் 1920களில் சிறு விமானம் ஓட்டிப் பிழைத்தவர்களிடம் இந்தப் பழக்கம் தொடங்கியது என்பது பரவலான கருத்து. ஊர் ஊராகப் போய் வானத்தில் வித்தை காட்டிய விமானிகள்தான் 1925இல் தொடங்கினார்கள் என்பவர்களும் உண்டு. எது சரியானாலும் இது விமானிகளின் விளையாட்டு. மறுநாள் பறக்க வேண்டியவன் முழுக் கிளாஸ் குடிக்கக் கூடாது, அரை மடக்கோடு எழுந்துவிட வேண்டும். அந்த அரை மடக்குக்கு ஆங்கிலக் கொச்சையில் இருந்த பெயர் இவர்களுக்கு ஒட்டிக்கொண்டது, பிறகு இவர்கள் பையில் இருந்த நோட்டுக்கும் வந்தது. தலைமை அலுவலகம், தலைவர், ரசீதுப் புத்தகம் எதுவும் கிடையாது. விதிகள் வாய்மொழியாகவே பரவின, இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறின.

பொதுவான விதி இது. விமானத்தில் பெருங்கடலைத் தாண்டியவர்தான் சேரலாம். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் அவரைச் சேர்த்துக்கொள்வார்கள். புதியவர் தன் பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து நீட்டுவார், அவர்கள் கையெழுத்திடுவார்கள். சேர்க்கைக் கட்டணமாக அங்கிருக்கும் உறுப்பினர்களுக்கு ஆளுக்கு ஒரு டாலர் கொடுப்பார். இதற்குப் பிறகுதான் சிக்கல். அன்றிலிருந்து எந்த ஊரில், எந்த விடுதியில், எந்த உறுப்பினர் கேட்டாலும் அந்த நோட்டை உடனே எடுத்துக் காட்ட வேண்டும். வேறு சட்டைப் பையில் இருக்கிறது, அறையில் வைத்துவிட்டேன் என்றெல்லாம் சொன்னால் எடுபடாது. கேட்டவருக்கு ஒரு டாலர், அல்லது ஒரு மடக்கு வாங்கித் தர வேண்டும். கூட நான்கு உறுப்பினர்கள் இருந்தால் நான்கு பேருக்கும்.

இதன் கனம் தெரிய வேண்டுமானால் கணக்குப் போட வேண்டும். 1942 ஜூனில் சம்பளத்தை உயர்த்திய பிறகும் அமெரிக்கப் படையின் கடைநிலைச் சிப்பாய்க்கு மாதம் 50 டாலர். நாளுக்கு ஒன்றே முக்கால் டாலர்கூட வராது. மூன்று பேர் முன்னால் நோட்டைக் காட்ட முடியாமல் நின்றால் ஏறக்குறைய இரண்டு நாள் கூலி போய்விடும். அதனால் அவன் குளிக்கப் போனாலும் நோட்டை விடமாட்டான்.

நம் ஊர் மொய் நோட்டை அறிந்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் சட்டென்று பிடிபடும். பாசத்தால் நினைவில் நிற்பதைவிட, திருப்பிச் செய்தாக வேண்டும் என்ற கணக்கால் நினைவில் நிற்கும் உறவுகள் அதிகம். இந்த விமானிகள் நட்பை வெறும் நினைவாக விட்டுவைக்கவில்லை, அதைக் கடனாக எழுதிக்கொண்டார்கள். அதுவும் அரசாங்கமே கையெழுத்திட்ட கடன் பத்திரத்தின் மேல்.

அந்தக் காலத்து ஒரு டாலர் நோட்டுகளில் பெரும்பாலானவை வெள்ளிச் சான்றிதழ்கள். கொண்டுவருபவர் கேட்டால் ஒரு டாலர் பெறுமான வெள்ளி தருவதாக அமெரிக்கக் கருவூலம் அதில் உறுதி சொல்லியிருக்கும். கீழே ஒரு பக்கம் கருவூலர் ஜூலியனின் கையெழுத்து, மறுபக்கம் நிதியமைச்சர் மார்கன்தோவின் கையெழுத்து. எந்த நாட்டு நோட்டும் இப்படித்தான்: கொண்டுவருபவர் யாரென்று அது கேட்காது. அதில்தான் பணத்தின் சௌகரியமே இருக்கிறது. நோட்டின்மேல் இன்னாருக்குச் சொந்தம் என்று எழுதி, கூடப் பறந்தவர்களும் கையெழுத்திட்டுவிட்டால் அந்தச் சௌகரியம் போய்விடும். கடைக்குப் போகாது, கை மாறாது, ஒரே ஆளின் பையில் உட்கார்ந்துவிடும். ஒரு கேஷியராக இதைப் பணத்தின் மரணம் என்பேன். சேகரிப்பவனாக, அதிலிருந்துதான் அதன் கதை தொடங்குகிறது என்பேன்.

தொடக்கத்தில் இது விமானிகளுக்குள் அடங்கிய வேடிக்கை. 1930களின் பிற்பகுதியில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் கடல் விமானங்கள் பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் தாண்டத் தொடங்கியபோது வசதி படைத்த பயணிகளும் சேர்ந்தார்கள். பிறகு போர் வந்தது. கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டிய தளபதிகளும் தூதர்களும் நிருபர்களும் மெக்கானிக்குகளும் திடீரென்று வானத்தில் கடல் தாண்ட ஆரம்பித்தார்கள். இருக்கை என்று சொல்ல முடியாத தகரப் பலகையில், விமானத்தின் இரைச்சலில் பேச்சும் கேட்காமல், கீழே நீர்மூழ்கிகள் திரியும் கடலைப் பார்த்தபடி பத்துப் பன்னிரண்டு மணி நேரம். இறங்கியதும் ஒருவர் பையில் ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

ஒரு நோட்டில் எத்தனை கையெழுத்துக்குத்தான் இடம் இருக்கும்? நிறைந்ததும் அடுத்த ஊரில் கிடைத்த நோட்டை அதன் காலில் ஒட்டினார்கள். ஒட்ட வசதியாக 1930இலேயே கடைக்கு வந்திருந்தது செலோபேன் டேப். நோட்டுக்கு நோட்டு ஒட்டி, பாயைப் போலச் சுருட்டிப் பையில் வைத்தார்கள். அதிக நாடு பார்த்தவனின் சுருள் பருமனாக இருக்கும். மேசையில் உருட்டி விரித்து யாருடையது நீளம் என்று பந்தயம் கட்டுவதும் சேர்ந்துகொண்டது.

இந்தச் சுருள்களைப் படிக்கப் பழகினால் வரைபடமே வேண்டாம். என்னிடம் உள்ள ஒன்று அமெரிக்க டாலரில் தொடங்குகிறது. அடுத்தது பிரேசில் நோட்டு, பிறகு பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவின் ஷில்லிங், எகிப்தின் பியாஸ்டர், நம் ஒரு ரூபாய், கடைசியில் சுன் யாட்-சென் முகம் போட்ட சீன நோட்டு. இதன் சொந்தக்காரரைப் பற்றி வேறெதுவும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை, வழி தெரிந்துவிட்டது. ஃப்ளோரிடாவில் ஏறி டிரினிடாட், பிரேசிலின் பெலேம், நட்டால் வரை தெற்கே இறங்கி, அட்லாண்டிக்கின் நடுவே அசென்ஷன் தீவில் 1942இல் பாறையை உடைத்துப் போட்ட ஓடுதளத்தில் எண்ணெய் நிரப்பி, அக்ரா, கானோ, கார்ட்டூம் என்று ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்து, கராச்சி, ஆக்ரா வழியாக அசாமுக்கு வந்த பாதை அது. வட அட்லாண்டிக்கின் குளிர்காலத்துக்கும் ஜெர்மன் விமானங்களுக்கும் தப்ப அமெரிக்க விமானப் போக்குவரத்துப் பிரிவு நம்பியிருந்த தெற்கு வழி.

சுருளில் நம் ஒரு ரூபாய்க்கு அடுத்துச் சீன நோட்டு ஒட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்பேன். 1942இல் ஜப்பானியர்கள் பர்மாவைப் பிடித்துச் சாலையை அடைத்த பிறகு, சீனாவுக்குப் போக வேண்டிய பெட்ரோலும் குண்டும் மருந்தும் அசாமின் சாபுவா, டிஞ்சன் போன்ற தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்குக் கிளைகளைத் தாண்டி குன்மிங்குக்குப் பறந்தன. போர் முடிவதற்குள் அந்த வழியில் ஏறத்தாழ 600 விமானங்கள் விழுந்தன. வெயில் நாளில் கீழே மலைச்சரிவில் மின்னும் உடைசல்களைப் பார்த்தே வழி கண்டுபிடிக்கலாம் என்று விமானிகள் அதற்கு அலுமினியப் பாதை என்று பெயர் வைத்தார்கள். அந்த இரண்டு நோட்டுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் டேப்பின் அகலம் அரை அங்குலம்தான்.

அந்த ஒரு ரூபாயே போர் பெற்ற பிள்ளை. போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்க ஆரம்பித்தார்கள், சில்லறைக்குத் திண்டாட்டம். 1940இல் இந்திய அரசாங்கம் ஒரு ரூபாய்த் தாளை மறுபடி வெளியிட்டது. அதற்கு முன் அது முதன்முதலாக வந்ததும் ஒரு போரில்தான், 1917இல். அது போதாமல் 1943இல் இரண்டு ரூபாய் நோட்டையும் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. நோட்டின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் சுருளின் தேதியையும் ஓரளவு பிடித்துவிடலாம்.

டாலரிலும் அப்படி. 1942 நடுவில் ஹவாய்த் தீவுகளில் இருந்த சாதாரண டாலர் நோட்டுகளையெல்லாம் திரும்ப வாங்கி, பெரிய எழுத்தில் ஹவாய் என்று அச்சடித்த பழுப்பு முத்திரை நோட்டுகளைக் கொடுத்தார்கள். ஜப்பான் தீவைப் பிடித்தால் அந்த நோட்டை மட்டும் செல்லாது என்று அறிவித்துவிடலாம் என்பது திட்டம். திரும்ப வாங்கிய சுமார் 20 கோடி டாலரை ஒரு சுடுகாட்டு உலையிலும், அதுவும் போதாமல் ஒரு சர்க்கரை ஆலை உலையிலும் போட்டு எரித்தார்கள். வட ஆப்பிரிக்காவில் 1942 நவம்பரில் இறங்கிய படைக்கு இதே காரணத்துக்காக மஞ்சள் முத்திரை டாலர். சுருளின் தலையில் உள்ள டாலரின் முத்திரை நீலமா, பழுப்பா, மஞ்சளா என்று பார்த்தாலே ஆள் எந்தத் திசைக்குப் போனார் என்று பாதி ஊகம் வந்துவிடும்.

பெரிய மனிதர்களின் நோட்டுகளில் பேர் பெற்றது ஹாரி ஹாப்கின்ஸுடையது. ரூஸ்வெல்ட்டின் நெருங்கிய ஆலோசகர். 1937இல் புற்றுநோய்க்காக இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. அந்த உடம்போடு 1941 ஜூலையில் ஸ்காட்லாந்திலிருந்து கேட்டலினா கடல் விமானத்தில் ஏறி, துப்பாக்கிக்காரன் உட்காரும் வால் பகுதியில் குளிரில் அமர்ந்து, ஆர்க்கேஞ்சல் வழியாக ஸ்டாலினைப் பார்க்க மாஸ்கோ போனார். திரும்பும்போது மருந்துப் பையை மாஸ்கோவிலேயே விட்டுவிட்டு, பிரிட்டன் வந்து சேர்வதற்குள் குற்றுயிராகிவிட்டார். 1943 ஜனவரியில் காசாபிளாங்கா மாநாட்டுக்கு ரூஸ்வெல்ட்டோடும் பறந்தார். பதவியில் இருக்கும்போது விமானத்தில் பறந்த முதல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட். டிக்ஸி கிளிப்பர் என்ற கடல் விமானத்தில் மயாமியிலிருந்து டிரினிடாட், பெலேம், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் பாதர்ஸ்ட். திரும்பும் வழியில் ஜனவரி 30 அன்று கரீபியக் கடலுக்கு மேலே அவருடைய 61ஆவது பிறந்தநாள் கேக்கை வெட்டினார்கள். ஹாப்கின்ஸின் நோட்டில் ரூஸ்வெல்ட், சர்ச்சில் இருவர் கையெழுத்தும் உண்டு. 1946 ஜனவரியில் ஹாப்கின்ஸ் இறந்தபோது வயது 55. அவர் போர்க்காலத்தில் என்ன பேசினார், என்ன எழுதினார் என்பதற்குக் காப்பகங்கள் இருக்கின்றன. யாரோடு எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து பையைத் துழாவினார் என்பதற்கு அந்த நோட்டுதான்.

விதி எல்லோருக்கும் ஒன்று என்பதுதான் இந்தப் பழக்கத்தில் எனக்குப் பிடித்த இடம். சல்யூட் அடிக்க வேண்டிய சிப்பாய் ஒருவன் தளபதியைப் பார்த்து, உங்கள் நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். இல்லாவிட்டால் தளபதி டாலரை எண்ணி வைக்க வேண்டும். படைக்குள் வேறெந்தச் சீட்டும் அவனுக்கு இந்த உரிமையைத் தரவில்லை.

இதே காலத்தில் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த இன்னொரு விமானப் பயணத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த வான்வழி அறுந்தது. 1943 ஜூலையிலிருந்து குவாண்டாஸ் நிறுவனம் பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலை ஏரிக்குக் கேட்டலினாக்களை நிற்காமல் பறக்கவிட்டது. பெட்ரோல் சுமையே பெரும் சுமை என்பதால் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும்தான் ஏற முடியும். ஜப்பானியர்கள் கேட்டுவிடுவார்கள் என்று ரேடியோ பேசக் கூடாது, நட்சத்திரத்தைப் பார்த்தே வழி. 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை பிடிக்கும். பயணிகள் வானத்திலேயே இரண்டு முறை சூரியோதயம் பார்ப்பார்கள். அதற்காக அவர்களுக்கு இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கத்தின் உறுப்பினர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை 271 முறை கடல் கடந்தும் ஒரு விமானமும் விழவில்லை. போர்க்காலச் சாதனைகளில் இதை மேலே வைப்பேன். ஆனால் அந்தச் சான்றிதழ் நிறுவனம் கொடுத்தது. வாங்கியவர் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கலாம், மறந்தும் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. கையெழுத்து நோட்டைச் சக பயணி கொடுத்தான், அவன் எங்கே வேண்டுமானாலும் எதிரில் வந்து கேட்பான். சான்றிதழ் பெட்டிக்குப் போனது, நோட்டு சட்டைப் பையிலேயே இருந்தது.

போர் வளர வளர இதற்கு மவுசு கூடிப் பிசகவும் செய்தது. கடல் தாண்டாதவனும் சேர்ந்தான். கப்பலில் போனவனும் நோட்டு ஒட்டினான். செத்த பணமும் சுருளில் ஏறியது. ஜப்பான் தான் பிடித்த நாடுகளில் அச்சடித்துத் தள்ளிய நோட்டுகள் பிலிப்பைன்ஸிலும் பசிபிக் தீவுகளிலும் காகிதமாகக் கிடந்தன, சிப்பாய்கள் அவற்றில் கையெழுத்து வாங்கினார்கள். மலாயாவில் வாழ்ந்த தமிழர்களுக்கு அந்தப் பணம் வேறு விதமாக நினைவிருக்கும். பத்து டாலர் நோட்டில் வாழை மரம் அச்சிட்டிருந்ததால் அதை வாழை நோட்டு என்பார்கள். 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் நிர்வாகம் அது செல்லாது என்று சொன்னபோது, தோட்டத்தில் பால்வெட்டி அந்த நோட்டில் கூலி வாங்கிச் சேர்த்தவர்களின் சேமிப்பு ஒரே நாளில் காகிதமானது. அதே நோட்டு ஒரு அமெரிக்கச் சிப்பாயின் சுருளில் இருந்தால் இன்று ஏலத்துக்கு வருகிறது. பணத்தின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுக்கச் சொன்னால் இந்த இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நான் சும்மா இருப்பேன்.

ஏலத்துக்கு வருகிறது என்றதும் போலிகளும் வரும். கவுண்டரில் உட்கார்ந்த பழக்கம் இங்கே கைகொடுக்கிறது. முதலில் மை. அமெரிக்காவில் பால்பாயிண்ட் பேனா முதன்முதலாகக் கடையில் விற்றது 1945 அக்டோபர் 29 அன்று, நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில், ஒன்று பன்னிரண்டரை டாலருக்கு. 1942 என்று தேதி போட்டு, பால்பாயிண்ட் உருண்டையின் தடம் பதிந்த கையெழுத்து வந்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடுத்து நோட்டின் தொடர். கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் அமெரிக்கக் காகித நோட்டில் ஏறியது 1957இல். அந்த வாசகம் உள்ள ஒரு டாலரில் அமெரிக்கத் தளபதி பாட்டனின் கையெழுத்து இருந்தால், 1945 டிசம்பரிலேயே இறந்துபோனவர் எழுந்து வந்து போட்டிருக்க வேண்டும். மூன்றாவது டேப். எண்பது வருடத்து செலோபேன் மஞ்சளாகி, பசை காகிதத்துக்குள் இறங்கி, கையெழுத்துகளைத் தின்றிருக்கும். டேப் பளபளப்பாக இருந்தால் எனக்குச் சந்தேகம், அசிங்கமாக இருந்தால் நிம்மதி.

போர் முடிந்ததும் பழக்கம் சீக்கிரமே ஓய்ந்தது. கேட்க ஆள் இல்லை என்பதே முதல் காரணம். உறுப்பினர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், அண்டை வீட்டுக்காரருக்கு நோட்டும் தெரியாது விதியும் தெரியாது. ஜெட் விமானங்கள் வந்த பிறகு கடல் தாண்டுவதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமலும் போனது. ஆனால் விதி சாகவில்லை. அமெரிக்கப் படையினர் இன்றும் தங்கள் பிரிவின் முத்திரை போட்ட காசு ஒன்றைப் பையில் வைத்திருக்கிறார்கள். ஒருவர் மேசையில் தன் காசைத் தட்டினால் மற்றவர்களும் காட்ட வேண்டும், காட்டாதவர் எல்லோருக்கும் குடிக்க வாங்கித் தர வேண்டும். நோட்டு காசாக மாறியிருக்கிறது, அபராதம் அப்படியே இருக்கிறது.

சந்தையில் இவற்றின் விலையைப் பெரிய பெயர்கள் தீர்மானிக்கின்றன. தளபதி, நடிகை, ஜனாதிபதி இருந்தால் விலை ஏறும், இல்லாவிட்டால் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சுருளாக விற்றால் லாபம் குறைவு என்று சில வியாபாரிகள் டேப்பைப் பிய்த்து, பெயருள்ள நோட்டைத் தனியாகவும் மற்றதைக் குப்பை விலைக்கும் தள்ளுகிறார்கள். அவர்களோடு எனக்குள்ள சண்டை இதுதான். தளபதியின் கையெழுத்து ஆயிரம் கோப்புகளில் கிடைக்கும். 1943இல் பெலேம் ஓடுதளத்தில் என்ஜின் பார்த்த ஒரு மெக்கானிக் அந்த நாளில் அங்கே இருந்தான் என்பதற்கு, அவன் ஊரும் பெயரும் சாய்வாக எழுதிய அந்த நோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் போகலாம். அந்த நோட்டு எந்த நோட்டுக்குப் பிறகு ஒட்டியிருந்தது என்பதும் சாட்சிதான், பிய்த்தால் அது போய்விடும். எந்த அரசாங்கமும் எழுதி வைக்காத இந்தப் பதிவைக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு டாலர் அபராதப் பயம். அதனால் பெயர் தெரியாதவர்களின் முழுச் சுருள் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று வியாபாரிகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் கேட்கும் குப்பை விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்தே கொடுக்கிறேன், பிரிக்காமல் கொண்டுவந்ததற்கு.